செம்மண் பாலை: 1968-ஐ ஒரு பலகையில் கட்டுவது

ஸ்கேல் மாடல் பத்தின எபிசோடுன்னா டாங்கி, விமானம்னு ஆரம்பிப்போம். இன்னைக்கு அது எதுவும் கிடையாது. அதுக்கெல்லாம் கீழே இருக்கிற தரை மட்டும்தான்.

டயோராமாவில் பாலைவனம் செய்யணும்னா பெரும்பாலும் பலகையில் பசை தடவி மஞ்சள் மணலைக் கொட்டுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் நான் செய்ய நினைத்தது சஹாரா இல்லை. நம்ம பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே இருக்கிற மேட்டு நிலம், 1968 பிப்ரவரி 28 அன்று இருந்த மாதிரி.

அன்றுதான் ஆரோவில் தொடக்க விழா. சுமார் 5,000 பேர் கூடினார்கள். 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவக் கலசத்தில் போட்டார்கள். அந்தக் காலப் படங்களைப் பாருங்க: ஒரு ஆலமரம், அங்கங்கே பனை, மீதியெல்லாம் வெறும் செம்மண். இன்று காடாக இருக்கிற இடம் அது!

மணல் கொட்டிய என் பலகையைப் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். சின்ன வயசில் அந்த மேட்டில் ஆடு மேய்த்தவர். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "தண்ணி ஓடின தடம் எங்க தம்பி?"ன்னு கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் புரிஞ்சுது. நம்ம பாலை மணலால் ஆனது இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன் இயல்பு கெட்டால் அதுதான் பாலைன்னு சிலப்பதிகாரம் சொல்லுது. அதாவது, பாலை என்பது நிலத்துக்கு நேர்ந்த ஒரு நிலைமை. இங்கே மரம் போச்சு, மேய்ச்சலில் புல்லும் போச்சு. பிறகு ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைஞ்சு கிழக்கே கடலுக்குப் போச்சு. 124 நாட்டு மண் வந்து சேர்ந்த இடத்தில், சொந்த மண் நிற்கவே இல்லை.

அதனால் தரையை அது கெட்டுப்போன வரிசையிலேயே கட்டினேன். முதலில் தெர்மாகோல் சரிவு. அதில் கத்தியால் ஓடைகள்: மேலே குறுகலாக ஆரம்பித்து, கீழே வர வர அகலமாகி, கிளைகள் ஒன்றோடொன்று சேரணும். பிறகு மண். வீடு கட்டத் தோண்டின குழியிலிருந்து ஒரு பிடி செம்மண் எடுத்து, வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்தேன்.

சலிப்பது ஏன்? 1:35 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல்துகள் மூன்றரை சென்டிமீட்டர் கல்லாகிடும். அதனால் மேட்டுக்கு மாவு மாதிரி நைசான மண். தண்ணீர் ஓடின தடத்தில் மட்டும் வடிகட்டியில் தங்கின பொடிக்கல். நைஸ் மண்ணை மழை அடிச்சுட்டுப் போக, கெட்டிக் கல் தங்கிடும் இல்லையா, அதே கணக்குதான். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்தால் பசை மண்ணுக்குள் இறங்கும். காய்ந்ததும் நிறம் கொஞ்சம் இருண்டுவிடும். வெளிர் ஆரஞ்சு பெயின்ட்டை, தூரிகையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத அளவுக்குத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசணும்.

அதன்பிறகு பல வருஷம் வரப்பு போட்டு, மழைநீரை மறித்து, லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு சுற்றுக் கிராமத்து ஆட்களின் உழைப்பும் அதில் இருக்கு. ஊர்ப்பக்கம் மிச்சமிருக்கிற செம்மண் பள்ளங்களில் இப்போ பசங்க போட்டோ எடுக்கிறாங்க. அது காயத்தின் தழும்புன்னு யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த மேட்டை நேரில் பார்த்தவர்களுக்கும் வயசாகிட்டே போகுது.

பலகையை மறுபடி பெரியவரிடம் காட்டினேன். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. ஒரு ஓடையில் விரலை வைத்து, "இதுல இறங்கித்தான் கடலுக்குப் போவோம்"னார்.

அடுத்த எபிசோடில் பனைமரம் செய்யலாம். வரட்டுமா!