முத்துக்குளித்துறையின் முதல் ஞானோபதேசம்

‘சின்னக் குறிப்பிடம்’ என்றதும், வினாவும் விடையுமாக மனனம் செய்த நாள்கள் நம்முள் மூத்தோர் பலருக்கு நினைவில் எழும். பொருள் விளங்காமல் ஒப்புவிப்பதால் பயன் என்ன என்று அம்முறையைக் குறை கூறுவோரும் உளர். ஆனால் ஞானோபதேச நூல் தமிழில் உருவான வரலாற்றை நோக்கினால், பொருள் விளங்கவேண்டும் என்பதே அதனைத் தந்தோரின் பெருங்கவலையாக இருந்தது புலப்படும்.

1535-37 ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். எனினும் அவர்தம் மொழியில் மறையைக் கற்பிப்பார் இல்லை. 1542-இல் அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் ஓரளவு அறிந்தோரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் முதலியவற்றை மிகுந்த சிரமத்துடன் தமிழாக்கினார். கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்தார். அவர்கள் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லித்தரச் செய்தார். அவர் அடுத்த ஊருக்குச் சென்றபின், ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகள் அப்பணியைத் தொடர்ந்தனர். எழுத்தறியாதார் மிகுந்த அக்கரையில் மனனமே மறைநூலாயிற்று.

அம்முதல் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்திருந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று அறிக்கையிட வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேண்டும்’ என்று மக்கள் சொல்லிவந்தனர். இதை உணர்ந்த சவேரியார், 1544-இல் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு மடல் எழுதி, அச்சொல்லைத் திருத்திக் கற்பிக்கப் பணித்தார். விருப்பத்துக்கும் விசுவாசத்துக்கும் இடையே நின்றது ஒரே ஒரு சொல்! ஓயாத பயணத்துக்கிடையிலும் அச்சொல்லை அவர் சிறிதென்று விட்டுவிடவில்லை.

1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ் ஞானோபதேச நூலொன்று அச்சேறியது. ஆயினும் அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே இருந்தன. தமிழை இலக்கணத்தோடு கற்று, அதன் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிவைத்த இயேசு சபைக் குரு அன்றிக்கு அன்றிக்கஸ் அடிகளார் இக்குறையைத் தீர்த்தார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல், இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதலாவது. அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜ் அடிகளாரின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவிய அது வினாவிடை வடிவில் அமைந்தது.

ஐரோப்பாவிலும் அது ஞானோபதேச நூல்களின் காலமே. புனித பேதுரு கனிசியுவின் நூல் 1555-இலும், திரெந்து சங்கத்தின் விருப்பப்படி உருவான குருக்களுக்கான உரோமை ஞானோபதேச நூல் 1566-இலும் தோன்றின. அவ்வலை தணியுமுன்பே தமிழன் தன் எழுத்தில் தன் மறையைப் படித்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அன்று திருத்திப் பெற்ற ‘விசுவசிக்கிறேன்’ என்னும் சொல், இன்று நம் வழிபாட்டில் ‘நம்புகிறேன்’ என்றாகியுள்ளது. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வழங்கிய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அந்தந்த நாட்டுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற நூல்களை எழுதத் தூண்டுவதையும் நோக்கமாகக் கொண்டது. மனனம் செய்வது தவறன்று. மனனத்தோடு நின்றுவிடுவதே குறை. இல்லத்தில் ஒரு குழந்தைக்குச் செபம் சொல்லித்தரும் தாயும் தந்தையும், அச்சொல்லின் பொருளையும் சேர்த்துச் சொல்வார்களாயின், மணியேந்தி நடந்த அப்புனிதரின் பணியையே அவர்களும் தொடர்கிறார்கள்.