தண்டனைத் தொழிலும் சிகிச்சைத் தொழிலும்

இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரிலே, கௌலி வீதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வேலைவிடுதி எழுந்தது. பிழைக்க வழியற்ற வறியோரைச் சேர்த்துக் கஞ்சி ஊற்றி வேலை வாங்குவதே அதன் நோக்கம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அதே வளவு முதியோருக்கான வைத்தியசாலையாக விளங்கியது. 1958 ஆம் ஆண்டு, முதியோர் காலையிலே வந்து சிகிச்சை பெற்று மாலையிலே வீடு திரும்பும் பகல் வைத்தியசாலை ஒன்று அங்கே தனியாகக் கட்டப்பட்டது. அங்கும் முதியோரின் கைகள் தொழில் செய்தன. ஆனால், இம்முறை அத்தொழிலுக்குச் சிகிச்சை என்று பெயர்.

ஒரே வளவிலே தண்டனையாயிருந்த தொழில் மருந்தாக மாறியது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், தொழில்வழிச் சிகிச்சையின் வரலாற்றை மட்டுமன்றி, உழைத்து ஓய்ந்த மனிதரைச் சமுதாயம் நடத்திய முறையின் வரலாற்றையும் படித்தவராவர்.

கைத்தொழிற் புரட்சி, கைகளைக் கணக்கிட்டு வாங்கிய காலம். உழைக்கும் கைக்குக் கூலி உண்டு. ஓய்ந்த கைக்கு எதுவுமில்லை. 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் இந்த நியாயத்தையே சட்டமாக்கியது. உதவி வேண்டுவோர் வேலைவிடுதிக்குள்ளே வரவேண்டும். அங்குள்ள வாழ்க்கை வெளியிலுள்ள மிகத் தாழ்ந்த கூலியாளின் வாழ்க்கையிலும் கீழானதாக இருக்கவேண்டும் என்பது அதன் தத்துவம். கல்லுடைத்தலும், பழைய கப்பற் கயிறுகளை விரலாற் பிரித்து நாராக்குதலும் அங்கே விதிக்கப்பட்ட வேலைகள். கணவன் ஒரு பகுதியில், மனைவி வேறொரு பகுதியில். வாழ்நாள் முழுதும் பிறருக்காக உழைத்த முதியவர் பலர் தம் இறுதி நாட்களை இச்சுவர்களுக்குள்ளேயே கழித்தனர்.

இதற்கு மாறான சிந்தனை ஒன்றும் அக்காலத்துக்கு முன்னரே தோன்றியிருந்தது. 1796 ஆம் ஆண்டு தேயிலை வணிகரான வில்லியம் டியூக் என்பவர் யோர்க் நகருக்கருகே மனநோயாளருக்காக ஓர் இல்லத்தைத் திறந்தார். சங்கிலியும் அடியும் மலிந்திருந்த அந்நாளிலே, தோட்டவேலையும் தையலும் அன்பான நடத்தையும் அங்கே சிகிச்சையின் பகுதிகளாயின. பிரான்சிலே பினெல் என்ற வைத்தியரும் இதே திசையிற் சென்றார். மனிதன் தனக்குப் பொருளுள்ள ஒரு காரியத்தில் ஈடுபடும்போது அவனுடைய சிதறிய மனம் ஒன்றுகூடுகிறது என்பது இவர்கள் கண்ட உண்மை. எனினும், இவ்வுண்மை பின்னாளிலே கறைபட்டது என்பதையும் மறைத்தலாகாது. மனநோய் விடுதிகள் பெருகி நெருங்கியபோது, நோயாளர் செய்த தோட்டவேலையும் சலவைவேலையும் விடுதியின் செலவைக் குறைக்கும் கூலியில்லா உழைப்பாக மாறின. சிகிச்சையின் பெயரால் நடக்கும் தொழில் யாருடைய தேவைக்காக நடக்கிறது என்ற வினா, அன்று தொட்டு இத்துறையைத் தொடர்ந்து வருகிறது.

தொழில்வழிச் சிகிச்சை தனித் துறையாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாகும். 1889 ஆம் ஆண்டு ஜேன் அடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் ஆகிய இரு பெண்கள் சிக்காகோவிலே ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் ஹல் இல்லத்தை நிறுவினர். அச்சூழலிலே பயின்றவர் எலினோர் கிளார்க் சிலேகிள். 1917 மார்ச்சில், ஜோர்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞரின் அழைப்பின் பேரில், நியூயோர்க் மாநிலத்தின் கிளிவ்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரிலே சிலேகிளும் வேறு சிலரும் கூடித் தொழில்வழிச் சிகிச்சைக்கான தேசிய சங்கத்தை அமைத்தனர். பார்ட்டன் தாமே நோயாளி. சயரோகத்தால் வருந்தி, உடலின் இடப்பக்கம் செயலிழந்த நிலையில், தோட்டவேலையாலும் தச்சுவேலையாலும் தம்மை மீட்டுக்கொண்டவர். முதலாம் உலக யுத்தத்தில் ஊனமுற்றுத் திரும்பிய போர்வீரரின் தேவை இத்துறையை விரைந்து வளர்த்தது. இங்கிலாந்திலே, 1930 ஆம் ஆண்டு எலிசபெத் கசன் என்ற பெண் வைத்தியர் பிரிஸ்டல் நகரிலே அந்நாட்டின் முதலாவது பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார்.

ஆனால், முதியோர் இன்னும் கட்டிலிலேயே கிடந்தனர். 1935 ஆம் ஆண்டு, மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலையிலே பணிபுரிந்த மார்ஜரி வாரன் என்ற வைத்தியர், பக்கத்திலிருந்த பழைய வேலைவிடுதியின் 714 கட்டில்களைப் பொறுப்பேற்றார். படுத்தவர் படுத்தபடியே கிடந்த அவ்விடத்திலே ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். பலரை முடக்கியிருந்தது முதுமை மட்டுமன்று. படுக்கையும் அசிரத்தையுமே என்று கண்டார். எழுப்பினார், நடக்கப் பழக்கினார், பலரை வீட்டுக்கு அனுப்பினார். ஒக்ஸ்போட் பகல் வைத்தியசாலையை உருவாக்கிய லயனல் கொசின் என்பவரும் இவ்வழியிலே வந்தவரே. வீடு திரும்பிய முதியவர் மீண்டும் படுக்கையில் விழாதிருக்க என்ன செய்வது என்ற வினாவுக்குப் பகல் வைத்தியசாலை விடையாயிற்று.

இத்தகைய நிலையத்திலே தொழில்வழிச் சிகிச்சையாளரின் பணி யாது? கூடை பின்னுவித்துப் பொழுது போக்குவதென்று எண்ணுவோர் உளர். அது தவறு. பாரிசவாதத்தால் வலக்கை செயலிழந்த ஒரு முதிய தையற்காரியை எண்ணிப் பாருங்கள். வைத்தியர் அவரது இரத்த அழுத்தத்தைக் கவனிக்கிறார். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் கால்களுக்கு வலுவூட்டுகிறார். தொழில்வழிச் சிகிச்சையாளரோ, அவர் காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கும் வரை எதை எவ்வாறு செய்கிறார் என்று கேட்கிறார். சட்டை அணியும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதனை இறுதியில் எடுக்கவும் பழக்குகிறார். கரண்டியின் பிடியைத் தடிப்பாக்கிக் கொடுக்கிறார். வீட்டுக்குச் சென்று படியின் உயரத்தையும் குளியலறையின் வழுக்கலையும் நாற்காலியின் தாழ்வையும் பார்த்து, எங்கே கைபிடி பொருத்தவேண்டும் என்று கூறுகிறார். மீண்டும் ஊசி பிடிக்க விரும்புகிறாரா, பேரப்பிள்ளைக்குத் தேநீர் ஊற்ற விரும்புகிறாரா என்பதைக் கேட்டறிந்து, அதனையே சிகிச்சையின் இலக்காக வைக்கிறார். வேலைவிடுதியிலே தொழிலை விதித்தவர் மேற்பார்வையாளர். இங்கே அதைத் தெரிந்தெடுப்பவர் முதியவரே. இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை முழுவதும் இவ்விடத்திலேதான் அடங்கியுள்ளது.

பிரித்தானியப் பகல் வைத்தியசாலையின் அநுபவம் கடல் கடந்து சான் பிரான்சிஸ்கோ சென்றது. அங்கு சீனர் குடியிருப்பிலே வாழ்ந்த முதியோரிற் பலர் தனியர்கள். 1882 ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை நடைமுறையிலிருந்தது. மனைவியை அழைத்துவரவோ குடும்பம் அமைக்கவோ வழியின்றி, உழைத்து உழைத்து முதுமையடைந்தவர்கள் சிற்றறைகளிலே வாழ்ந்தனர். நோயுற்றால், தம் மொழி பேசுவோரும் தம் உணவு சமைப்போரும் இல்லாத தொலைதூரப் பராமரிப்பு இல்லங்களே கதி. இந்நிலையை மாற்ற, மேரி லூயிஸ் அன்சாக் என்ற சமூக சேவையாளரும் வில்லியம் ஜீ என்ற பல் வைத்தியரும் வேறு பலரும் சேர்ந்து 1971 ஆம் ஆண்டு ஒன் லொக் என்ற அமைப்பைத் தொடங்கினர். 1973 இல் அதன் பகல்நேரச் சுகாதாரப் பராமரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. வைத்தியர், தாதி, சமூக சேவையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒரே மேசையிலிருந்து ஒரு முதியவரைப் பற்றிக் கலந்தாலோசிக்கும் முறை அங்கே வளர்ந்தது. 1997 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இம்முறையை நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது.

இத்தகைய நிலையங்களால் இன்னொருவரும் விடுதலை பெறுகிறார். முதியவரைக் கவனிப்பதற்காக வேலையை விட்டு வீட்டிலிருக்கும் மகளோ மருமகளோ எந்தக் கணக்கிலும் சேராத உழைப்பாளி. பகற்பொழுதிலே அந்தச் சுமையைச் சமுதாயம் பகிர்ந்துகொண்டால், அவள் தன் தொழிலை இழக்கவேண்டியதில்லை.

ஆயினும், 1834 ஆம் ஆண்டின் நியாயம் முற்றாக இறந்துவிடவில்லை. 2011 ஆம் ஆண்டு, வரவுசெலவுப் பற்றாக்குறையைக் காரணங்காட்டிக் கலிபோர்னிய மாநிலம், வறியோருக்கான மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து பகல்நேரச் சுகாதாரப் பராமரிப்பை நீக்க முடிவு செய்தது. முதியோரும் வலது குறைந்தோரும் நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டின் இறுதியிலே இணக்கம் ஏற்பட்டது. 2012 இல் அச்சேவை வேறு பெயரோடும் இறுக்கமான தகுதி விதிகளோடும் தொடர்ந்தது. கூலி ஈட்டாத கைக்குச் செலவு செய்வது வீண் என்ற பழைய கணக்கு, புதிய ஏட்டிலே எழுதப்பட்டதை இந்நிகழ்ச்சி காட்டிற்று. அக்கணக்கை எதிர்த்து நின்றவர்கள், இம்முறை அக்கைகளுக்கு உரியவர்களே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒரு முதியவர் தம் சட்டைப் பொத்தானைத் தாமே பூட்டிக்கொள்வது அற்ப செயலாகத் தோன்றலாம். ஆனால், அச்செயலுக்குப் பின்னால், வேலைவிடுதியின் சுவர்களைக் கடந்து வந்த ஒரு நூற்றாண்டுப் போராட்டம் நிற்கிறது. உழைத்தவனுக்கு முதுமையிலே பிச்சையன்று, உரிமையே வேண்டும். தன் கைகளைத் தன் விருப்பப்படி பயன்படுத்துவது அவ்வுரிமைகளுள் முதலாவதாகும்.