குழி தோண்டியவர் கடமை: திருச்சி, ஸ்ரீரங்கம் தெருக்களில் கட்டுமான அனுமதியின் வரலாறு

பழைய வீட்டை இடிப்பவரும் குடிநீர் இணைப்புக்காகத் தெருவை வெட்டுபவரும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி திருச்சிக்குப் புதிதல்ல. அந்த அனுமதி எதைக் காப்பதற்கு என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இருட்டில் நடந்து வருகிறவர் குழியில் விழாமல் காப்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு, தெருவுக்கு அடியில் கிடக்கும் குழாய்களைக் காக்கும் ஏற்பாடாக வளர்ந்து, கடைசியில் பெரும்பாலும் கட்டண ரசீதாக வந்து நிற்கிறது. தெருவைப் பழையபடி ஆக்கும் கடமை இந்த மாற்றத்தில் தோண்டியவரிடமிருந்து மெல்ல நழுவிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866 நவம்பர் 1 அன்று, 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கியது. பதவிவழி உறுப்பினர் இருவர், நியமன உறுப்பினர் ஒன்பது பேர். தேர்தல் 1877இல்தான் வந்தது. போலீஸ் செலவில் ஒரு பங்கை நகரத்தார் தலையில் வைப்பதும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்பதால், தெருவைப் பற்றிய அக்கறை அதில் ஒழுங்கு, சுகாதாரம் என்ற கோணத்திலேயே இருந்தது. இங்கிலாந்தின் 1847ஆம் ஆண்டு நகர மேம்பாட்டு விதிச் சட்டம் ஏற்கெனவே ஓர் அச்சு வார்த்து வைத்திருந்தது: பழுதுபார்க்கும் தெருவின் குறுக்கே தடுப்பு, இரவில் விளக்கு, கட்டடப் பணியைச் சுற்றித் தட்டி, கட்டுமானப் பொருளைத் தேவைக்கு மேல் தெருவில் கிடத்தினால் அபராதம். சென்னை மாகாணச் சட்டங்களில் பின்னர் வந்த தெரு விதிகளும் இதே சாயலில் அமைந்தவைதான். திருச்சியின் மிகப் பெரிய இடிப்பு வேலையான கோட்டைச் சுவர் தகர்ப்பும் அகழி தூர்ப்பும் அந்த நூற்றாண்டில்தான் நடந்தன. மேலப் புலிவார்டு ரோடும் கீழப் புலிவார்டு ரோடும் அதில் பிறந்தவை. செய்தது அரசே ஆகையால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டிருக்க வேண்டியதில்லை!

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானத்தை அடுத்து 1884இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. அதன் இடத்தைப் பிடித்த 1920ஆம் ஆண்டுச் சட்டம்தான் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் பல தலைமுறை ஆண்டது. இரண்டும் அப்போது தனித்தனி நகராட்சிகள். அச்சட்டத்தின் இரண்டு பிரிவுகள் நம் பொருளுக்கு உயிர்நாடி. ஒன்று, நிர்வாக அதிகாரியின் அனுமதியின்றித் தெருவில் யாரும் குழி தோண்டவோ தடை ஏற்படுத்தவோ கூடாது. அனுமதி பெற்றவர் குழி மூடப்படும்வரை தம் சொந்தச் செலவில் வேலி கட்டி, இரவில் விளக்கு வைக்க வேண்டும். மற்றொன்று, கட்டடத்தைக் கட்டும்போதோ இடிக்கும்போதோ, முகப்பைப் பழுதுபார்க்கும்போதோ தெருவுக்கு இடைஞ்சல் வரும் என்றால், முதலில் உரிமம் பெற்று, அடைப்புப் போட்டு, விபத்து நேராமல் முன்னேற்பாடு செய்ய வேண்டும். பந்தல் போன்ற தற்காலிக அமைப்புகளுக்கும் உரிமம் தரலாம் என்று சட்டம் வழிவிட்டது. நம்மூர்த் தெரு எதற்கெல்லாம் பயன்படும் என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

வேலி, விளக்கு, மூடல் எல்லாம் தோண்டியவர் பொறுப்பு. பணம் கட்டிவிட்டுக் கைகழுவும் வழி அந்த வாசகத்தில் இல்லை. அது அனுமதியின் முதல் முகம்.

ஆனால் தெருவைத் தோண்டும் பெரிய கைகள் இந்த விதிக்குள் முழுமையாக அடங்கியதே இல்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், கம்பி இழுக்கவும் கம்பம் நடவும் தந்தித் துறைக்கு அதிகாரம் தந்தது. உள்ளாட்சியின் பொறுப்பிலுள்ள இடமானால் அதன் அனுமதி வேண்டும், செலவு குறித்து அது நிபந்தனை விதிக்கலாம் என்றும் சொன்னது. இந்தச் சிறிய வாசகத்தில்தான் 'அனுமதிக்குப் பணம்' என்ற கணக்கு தொடங்குகிறது என்பது என் கருத்து.

ஸ்ரீரங்கத்தின் கதை கொஞ்சம் வேறு. ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகளான உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும் அடையவளஞ்சானும் கோயிலின் பிராகாரங்கள், அதே சமயம் ஊரின் தெருக்கள். தைத் தேர் உத்திர வீதிகளிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் ஓடுகின்றன. தேர் ஓட வேண்டுமென்றால் தெருவின் அகலம் குறையக்கூடாது, மேலே கம்பி தாழக்கூடாது, தரை உள்வாங்கக்கூடாது. ஆண்டுதோறும் குறித்த தேதியில் வரும் இந்தச் சோதனை எந்த ஓவர்சியரின் பார்வையையும்விடக் கண்டிப்பானது.

அகலமில்லாத முகப்பும் நீண்ட உள்கட்டும் கொண்ட அக்கிரகார வீடு இடிந்து, அதே இடத்தில் அடுக்குமாடி எழும்போது முன்னால் ஓரடி நிலமும் காலியாக இருப்பதில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் கம்பிக் கட்டும் தெருவில்தான் இறங்கியாக வேண்டும். கலவை இயந்திரத்திலிருந்து வழியும் சிமெண்ட் பால் மழைநீர் வடிகாலில் போய் இறுகும். 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் போக்குவரத்துக்கோ வடிகாலுக்கோ தடையாகக் கழிவைப் போடக்கூடாது என்றன. நாளுக்கு 20 டன்னோ மாதத்துக்கு 300 டன்னோ தாண்டும் பணிகளுக்கு அவற்றின்படி முன்கூட்டியே திட்டமும் ஒப்புதலும் வேண்டியிருந்தது. ஓர் அக்கிரகார வீட்டின் இடிபாடு அந்த அளவைத் தொடுவது அரிது. வடிகாலை அடைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு வேலைகள்தான். மதிலுக்கு உள்ளே நிலைமை வேறு: கோயிலின் பழைய மழைநீர் வடிகால் அமைப்பை மீட்டதும் சேர்ந்த புனரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் 1994இல் ஒரே மாநகராட்சியாயின. காவிரிக்கரை நகரம் என்பதால் தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்திலும், பின்னர் அம்ருத் திட்டத்திலும் பாதாளச் சாக்கடைப் பணிகள் தொடர்ந்தன. குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மின்கேபிள், கண்ணாடி இழைக் கேபிள் என்று தெருவுக்கு அடியில் கூட்டம் சேர்ந்தது. அனுமதியின் பொருளும் மாறியது. வீட்டுக்காரர் சாலை சீரமைப்புக் கட்டணத்தைக் கட்டுகிறார். கான்கிரீட் கட்டர் வைத்து ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, குழாயைப் பதித்து, தோண்டிய மண்ணையே திருப்பித் தள்ளிவிட்டுப் போகிறார் பிளம்பர். அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்தால்தான் மண் அமரும். அப்படிச் செய்யாத குழி முதல் மழையில் இறங்கும், பக்கத்துத் தார் விளிம்பு நொறுங்கும், சில சமயம் புதிதாய்ப் போட்ட குழாயின் இணைப்பே விலகும். பணம் வாங்கியாயிற்று என்பதால் மேல்தளம் போடுவது இனி உள்ளாட்சியின் வேலை. வெட்டிய நாளுக்கும் சீரமைக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு யாரும் பொறுப்பாளி இல்லை.

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு 2016ஆம் ஆண்டின் வழியுரிமை விதிகள் தனிப்பாதை போட்டன. கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மிகாத நிர்வாகக் கட்டணம். சீரமைப்புச் செலவைக் கட்டலாம், அல்லது வங்கி உத்தரவாதம் தந்து தானே சீரமைக்கலாம் என்றிருந்தது. 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள முடிந்தது. அதிகாரியின் மௌனம் அனுமதியாகும் அந்தச் சலுகை, குடிநீர் இணைப்புக் கேட்டு வந்த வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பல உள்ளாட்சிகள், கட்டடப் பணி தொடங்குமுன் நடைபாதையையும் கால்வாயையும் பார்த்துப் பதிவுசெய்து, பணி முடிந்தபின் ஒப்பிட்டு, சேதமிருந்தால் பிணைத்தொகையில் பிடிக்கின்றன. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் மனப்பாங்குக்கு அதுவே நெருக்கமானது.

சாலை வேலையே சேதம் செய்யும் என்பதும் தாமதமாகத்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் வீடுகள் தாழ்ந்தன. சுரண்டிய பிறகே புதுத்தளம் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அடுத்த ஆண்டே, 2022 ஏப்ரல் 27 அன்று, தஞ்சை அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். சாலை உயர்ந்திருந்ததும் அப்போது காரணமாகப் பேசப்பட்டது.

2023 மார்ச் 22 அன்று, தோண்டுமுன் நிலத்தடி அமைப்புகளின் உரிமையாளருக்குத் தகவல் தருவதற்கான கைப்பேசிச் செயலியை ஒன்றிய அரசு தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 13 அன்று 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் ஒருவழியாக நடைமுறைக்கு வர, 1920ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. செயலியின் பயன், கீழே என்ன இருக்கிறது என்ற பதிவைப் பொறுத்தது. பல தலைமுறைகளாகக் குழாய் போட்ட சித்திரை வீதி போன்ற இடத்தில் அந்தப் பதிவைத் தெருத்தெருவாக உருவாக்குவதே முதல் வேலை. தேர் ஓடும் வீதிகளில் அதற்கு ஆண்டுதோறும் ஒரு கெடு தேதி தானாக வருகிறது. தேரோட்டத்துக்கு முன் பாதையைப் பார்வையிடும்போதே வெட்டுக்குழிகளையும் இணைப்புகளையும் பதிந்துகொள்ளலாம். தேர் ஓடாத தெருக்களுக்கு அப்படியொரு தேதி கிடையாது. அவற்றுக்குச் சீரமைப்புக்கான கெடுவை அனுமதிச் சீட்டிலேயே எழுத வேண்டியிருக்கும்.