பரணில் இருக்கும் வரலாறு

கழுகுமலைக்குப் போனால் கல்லில் செதுக்கிய வரலாறு கிடைக்கும். ஆனால் நம் கரிசல் பூமியின் கடந்த இருநூறு, முந்நூறு ஆண்டு வரலாறு கல்லில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. அதிலும் பாதி அரசாங்க ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்றால், மீதி நம் வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது. வியாபாரியின் பேரேடு, பட்டாளத்துக்காரரின் நாட்குறிப்பு, வெளிநாடு போனவரின் கடிதக் கட்டு என்று பல வடிவத்தில் கிடக்கும் அந்தத் தனிமனிதக் காகிதங்களைப் பற்றி இந்த மலரில் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு பட்டாளத்துக்காரர். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், கம்பெனியின் சென்னைப் படையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு இருந்தவர். தன் நாட்குறிப்பிலிருந்து எடுத்து எழுதிய நினைவுகளை 1830-இல் இலண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1801 பாஞ்சாலங்குறிச்சிப் போரில் அவர் எதிரணியில் நின்றவர். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-இல். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிந்த கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடியும் எழுப்பினார். மார்ச் 31-இல் நடந்த தாக்குதலில் கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-இல்தான் கோட்டை விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். காயம்பட்டுக் கிடந்த தன் மகனைத் தேடி ஒரு தாய் களத்துக்கு வருகிறாள். உயிர் பிரியும் நிலையில் இருந்த அந்தப் பிள்ளை, "என்னை விட்டுடு, பக்கத்துல கிடக்கிற சாமியைக் காப்பாத்து" என்ற பொருளில் சொல்கிறான். அவன் சொன்ன சாமி ஊமைத்துரை. தாயும் கூட வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்துப் படையாட்கள் நெருங்கியதும் அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதுமே வந்தவர்கள் விலகிப் போய்விடுகிறார்கள்.

இதை வேறு எந்த அரசாங்கக் கடிதம் சொல்லும்? போர் முடிந்ததும் கம்பெனி கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே கணக்கேடுகளிலிருந்து நீக்கச் சொன்னது. அரசாங்க ஏடு பெயரை அழித்தது. எதிரிப் படையில் நின்ற ஒருவருடைய சொந்தக் குறிப்பு அந்தத் தாயைக் காப்பாற்றி வைத்தது. 1881-இல் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் திருநெல்வேலிச் சரித்திரமும் இந்தக் குறிப்பை எடுத்தாண்டிருக்கிறது. வெல்ஷ் கம்பெனியின் ஆள் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும் என்பது வேறு விஷயம். சொந்தக் காகிதம் எல்லாம் சத்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேட்டுக்கொண்டேதான் அதைப் படிக்க வேண்டும்.

அடுத்து ஒரு வியாபாரி. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளே காலத்துத் துபாஷி அவர். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் கோபித்துக்கொண்டது எல்லாம் அதில் உண்டு. அவர் இறந்து எண்பத்தைந்து ஆண்டு கழித்து, 1846-இல்தான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. அதுவரை அதை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார்களே, அந்தக் குடும்பத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நம் ஊர் வியாபாரிகளின் ஏடுகளும் அதற்குக் குறைந்தவை அல்ல. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்று, இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. 1876-இல் மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை வந்ததும் கரிசல் பஞ்சு துறைமுகத்துக்குப் போவது சுலபமாயிற்று. எத்தனை பொதி ஏற்றுமதி என்று அரசுக் கணக்கில் இருக்கும். ஆனால் எந்தச் சம்சாரி விதைப்புக்கு எவ்வளவு கைமாற்று வாங்கினார், மழை பொய்த்த வருஷம் வட்டி என்ன ஆயிற்று என்பது பேரேட்டிலும் புரோநோட்டிலும்தான் இருக்கும். வானம் பார்த்த பூமியின் உண்மையான வரலாறு அதுதானே!

மூன்றாவது, கௌரவ கான்சல். சென்னை போன்ற நகரங்களில் வெளிநாடுகள் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவரைக் கௌரவ கான்சலாக நியமிப்பது வழக்கம். தூதரகப் பணியும் பார்ப்பார், சொந்தத் தொழிலும் பார்ப்பார். 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் 61-ஆவது பிரிவு இவர்களுடைய அலுவலக ஆவணங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அவற்றைச் சொந்தக் கடிதங்களோடும் தொழில் கணக்குகளோடும் கலக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். ஒரே மனிதரிடம் பலவகைக் காகிதம் சேரும் என்பதைச் சட்டமே புரிந்து வைத்திருக்கிறது. நமக்கும் இதில் பாடம் உண்டு. வீட்டு அந்தரங்கம் எது, ஊருக்குப் பயன்படுவது எது என்று குடும்பத்தார் கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்ளலாம்.

சாதாரணக் கடிதத்துக்கும் மதிப்பு உண்டு. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி தன் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. கி.ரா. அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்ததால்தான் அது நடந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவை, அவர் 1992-இல் மறைந்த பிறகு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகின்றன. தனியொரு மனிதர் சேர்த்த காகிதம்தான் அது.

ஆகவே நண்பர்களே, வெள்ளையடிக்கும்போதும் வீடு மாறும்போதும் தாத்தாவின் பெட்டியை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். இருக்கிற வரிசையைக் கலைக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். போட்டோவின் பின்பக்கம் யார், எந்த ஊர் என்று பென்சிலால் எழுதுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

இன்று படிக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். விடுமுறையில் உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஒரு கணக்கு நோட்டைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வாருங்கள். கையெழுத்துப் புரியாவிட்டால் பாட்டியிடம் கேளுங்கள். நம் கரிசலின் வரலாற்றை எழுத ஆரம்பிக்க அந்த ஒரு பக்கம் போதும்.