பினாங்கு: தீவை அடையும் வழிகளும் தீவுக்குள் போக்குவரத்தும்

மலேசியாவின் வடமேற்குக் கரையை ஒட்டியிருக்கும் பினாங்குத் தீவுக்கு இன்று நான்கு வழிகளில் போகலாம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நேரே இறங்கலாம். கோலாலம்பூரிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து அங்கிருந்து பெர்ரி ஏறலாம். கார் அல்லது பேருந்தில் இரண்டு பாலங்களில் ஒன்றைக் கடந்து வரலாம். சொகுசுக் கப்பலில் வந்து ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் இறங்கலாம். தீவை அடையும் வழிகளின் வரலாற்றைக் கப்பல், படகு, பாலம், விமானம் என வேகம் கூடிக்கொண்டே வந்த கதையாகச் சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னால் ஒரு கேள்விக்கு விடை கிடைப்பதில்லை: தீவை அடைவது இவ்வளவு எளிதான பிறகு, சொந்த வண்டி இல்லாமல் தீவைச் சுற்றுவது மட்டும் ஏன் கடினமானது? பயணி எந்தக் கரையில் இறங்கினார் என்பதைப் பின்தொடர்ந்தால் விடை தெரியும். இறங்கும் இடம் நகரின் நடுவில் இருந்தவரை தீவின் போக்குவரத்து அங்கிருந்தே கிளைவிட்டது. அந்த இடம் தெற்கே நகர நகர, போக்குவரத்து வலைப்பின்னல் ஓரிடத்திலும் வந்திறங்குவோர் வேறிடத்திலும் என்றானது.

துறைமுகக் காலம்

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைக் கைக்கொண்டு, அதன் வடகிழக்கு முனையில் ஜார்ஜ் டவுனை நிறுவினார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதால் வணிகர்கள் நாலாபுறமிருந்தும் வந்தனர். கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே குடியிருப்பும் கடைவீதியும் வழிபாட்டிடங்களும் எழுந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் சூலியா தெருவும், இன்று லிட்டில் இந்தியா எனப்படும் பகுதியும் துறைமுகத்துக்கு அருகிலேயே அமைந்தது தற்செயல் அல்ல. மதராசிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த கப்பல்களுக்கு மலாயாவில் முதல் நிறுத்தமே பினாங்குதான். 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் இந்தத் தடத்தில் ஓடியது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளானதோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது.

நீரிணையைக் கடந்து பெருநிலத்துக்குப் போவதற்கான முறையான படகுச் சேவையை 1894இல் குவா பெங் கீ என்ற வணிகர் தொடங்கினார். 1920களில் துறைமுக வாரியம் அதை ஏற்று, வண்டிகளையும் ஏற்றிச் செல்லத் தொடங்கியது. தண்டவாளம் எதிர்க்கரையில் பிறை வரைதான் வந்தது; ஆனாலும் மலாய் நாட்டு ரயில்வே ஜார்ஜ் டவுன் கரையோரத்தில் மணிக்கூண்டுடன் ஒரு நிலையம் கட்டியது. இன்று சுங்கத் துறை இருக்கும் அந்தக் கட்டடத்தில் பயணி சீட்டு வாங்குவார். ரயில்வே படகில் ஏறி அக்கரை சேர்ந்து அங்கே ரயில் பிடிப்பார். ரயில் வராத ரயில் நிலையம் என்று இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நிர்வாகக் கணக்கில் அதற்குத் தெளிவான பொருள் இருந்தது: பயணம் தொடங்கும் இடம் நகரம், கடல் அந்தப் பயணத்தின் ஒரு பகுதி மட்டுமே.

படகுத்துறையிலிருந்து மலையுச்சி வரை

தீவுக்குள் ஓடிய வாகனங்களும் இதே கணக்கைப் பின்பற்றின. 1880களில் நீராவி டிராம் வந்தது. 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. படகுத்துறையையும் உள்நாட்டிலிருந்த ஆயர் ஈத்தாமையும் இணைத்ததே அதன் முக்கியத் தடம். ஆயர் ஈத்தாம் பக்கம், தமிழர்கள் கொடிமலை என்று அழைக்கும் பினாங்கு மலையின் அடிவாரம். அதற்கு முன் மலை ஏறியவர்கள் குதிரையிலோ ஆட்கள் தூக்கிச் சென்ற நாற்காலியிலோ போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட முதல் மலை ரயில் ஓடாமலே தோற்றது. 1923இல் ஓடத் தொடங்கிய இரண்டாவது ரயில், கம்பிவடத்தால் இழுக்கப்பட்டு இரண்டு கட்டங்களாக ஏறியது. பயணிகள் நடுநிலையத்தில் இறங்கி அடுத்த பெட்டிக்கு மாறினார்கள். 2011இல் புதுப்பித்த பிறகு ஒரே மூச்சில் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்விடலாம். கப்பலில் வந்த ஒருவரால் 1920களிலேயே சொந்த வண்டியோ குதிரையோ இல்லாமல் டிராமும் மலை ரயிலும் பிடித்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தைத் தொட முடிந்தது. இது எதேச்சையாக அமைந்த வசதி அல்ல. எல்லோரும் ஒரே துறையில் இறங்கியதால், அங்கிருந்து புறப்பட்ட தடங்களுக்கு எப்போதும் பயணிகள் கிடைத்தார்கள்.

1925 முதல் டிராலி பஸ்கள் டிராமின் இடத்தைப் பிடித்தன. 1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலி பஸ்ஸும் நின்றது. பிறகு தீவின் வெவ்வேறு திசைகளுக்குத் தனியார் நிறுவனங்களின் பேருந்துகள் ஓடின. பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறத்தைச் சொல்லியே மக்கள் அவற்றை அடையாளம் கண்டார்கள். நீல பஸ்ஸை நடத்திய ஹின் கம்பெனியின் பணிமனை இன்று கலைக்கூடமாக இருக்கிறது. குறுந்தூரத்துக்குக் கைரிக்‌ஷாவும், அதன் பின் பயணி முன்னால் உட்கார ஓட்டுநர் பின்னாலிருந்து மிதிக்கும் முச்சக்கர வண்டியும் இருந்தன.

தெற்கே நகர்ந்த வாசல்

மாற்றத்தின் முதல் அறிகுறி 1935இல் தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாஸில் அமைந்த விமான நிலையம். சமவெளி தேவைப்பட்டதால் நகரத்தைவிட்டு விலகிப் போனது. அப்போது பயணிகள் குறைவு என்பதால் பெரிய விளைவு எதுவும் இல்லை. 1972இல் அதே பகுதியில் நாட்டின் முதல் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்ததும் வேலையும் வீடும் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1985இல் 13.5 கி.மீ. நீளப் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அது கரையேறிய இடம் கெலுகோர். நகரத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை ஓரம். 2014இல் திறந்த 24 கி.மீ. இரண்டாம் பாலம் இன்னும் தெற்கே பத்து மாவுங்கில் கரையேறுகிறது. எம்.வி. சிதம்பரம் நின்ற அதே ஆண்டில்தான் முதல் பாலம் திறந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நகரின் படகுத்துறை தன் இரண்டு பெரும் பயணிக் கூட்டங்களை ஒரே சமயத்தில் இழக்கத் தொடங்கியது தெரியும்.

பேருந்து அமைப்போ அந்தத் துறையை விட்டு நகரவில்லை. 2007இல் தொடங்கிய ரேபிட் பினாங்கின் பல தடங்கள் இன்றும் வெல்ட் கீ படகுத்துறையில் புறப்பட்டு, கொம்தார் கோபுரத்தைத் தொட்டுத்தான் வடக்குக் கடற்கரையான பத்து பெரிங்கிக்கோ கொடிமலை அடிவாரத்துக்கோ விமான நிலையத்துக்கோ போகின்றன. பாலத்தில் கார் ஓட்டி வருபவர் வெல்ட் கீயைப் பார்ப்பதே இல்லை. பாலத்தைக் கடந்து வந்தவருக்குப் பேருந்து எட்டாமலும், பேருந்துக்கு அந்தப் பயணி கிடைக்காமலும் போனது இப்படித்தான்.

மறுப்புகளும் பதில்களும்

டிராம் 1936இலும் டிராலி பஸ் 1961இலும் நின்றுவிட்டன, 1985இல் வந்த பாலத்தின்மேல் பழி போடுவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டிராமுக்குப் பின் டிராலி பஸ்ஸும் அதற்குப் பின் டீசல் பஸ்ஸும் வந்தபோது மாறியது வண்டி மட்டுமே. புறப்படும் இடம் மாறவில்லை. பாலத்துக்குப் பின் மாறியது பயணி வந்து சேரும் இடம். முதல் மாற்றம் பொதுப் போக்குவரத்துக்குள்ளேயே நடந்தது. இரண்டாவது, மக்களை அதைவிட்டு வெளியே கொண்டுபோனது.

பாலம் இல்லாமல் தொழிற்பேட்டை வளர்ந்திருக்குமா என்பது இரண்டாவது மறுப்பு. வளர்ந்திருக்காது என்றே ஒப்புக்கொள்ள வேண்டும்; லாரிகள் படகுக்காகக் காத்துக்கிடந்த துறைகளால் அந்தச் சரக்கைத் தாங்கியிருக்க முடியாது. இங்குள்ள குறை பாலம் கட்டியதில் இல்லை. அது தொடும் கரையில் கார் இல்லாதவருக்கு ஓர் ஏற்பாட்டைச் சேர்த்துக் கட்டாததில் இருக்கிறது.

பெர்ரி காலாவதியாகிவிட்டது என்பது மூன்றாவது. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் துறையின் மேல்தளம் கூட்டம் தாங்காமல் இடிந்து 32 பேர் இறந்தனர். பாலம் திறந்து மூன்றாண்டு கழிந்தும் நடந்துபோவோர் படகையே நம்பியிருந்தனர் என்பதற்கு அந்தத் துயரமே சான்று. தீவுகளின் பெயர் தாங்கிய பழைய இரட்டைத்தளப் படகுகளுக்கு இருபுறமும் முகப்பு. கரை சேர்ந்தால் திரும்பத் தேவையில்லை. கட்டணம் பட்டர்வொர்த்தில் மட்டும் வாங்கப்பட்டது; தீவிலிருந்து திரும்ப இலவசம். பாலங்களின் டோலும் இதே வழக்கத்தில் தீவை நோக்கி வருவோரிடம் மட்டுமே வசூலாகிறது. 2020 முடிவோடு அந்தப் படகுகளின் பயணிகள் சேவை நின்றது; 2023இல் வந்த நான்கு புதிய படகுகள் பாதசாரிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. கார் ஏறாத படகு என்றான பின் அதன் வேலை தெளிவாகிவிட்டது: வண்டியில்லாதவரை நகரின் நடுவில் இறக்கிவிடுவது.

இன்றைய நிலையும் வருவதும்

2015 முதல் மின்சார ரயில் பட்டர்வொர்த் வரை ஓடுவதால் கோலாலம்பூரிலிருந்து சுமார் நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம். ரயில் நிலையம், 2018இல் திறந்த பினாங்கு சென்ட்ரல் பேருந்து முனையம், படகுத்துறை மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரை மட்டும் பார்க்க வருபவருக்கு இன்றும் இதுவே சிறந்த வழி. படகிலிருந்து இறங்கினால் மீதி நடைதூரம். விமானத்தில் வருபவர் நகரை அடைய சுமார் 16 கி.மீ. சாலையில் போக வேண்டும். பெரும்பாலோர் கைபேசியில் கிராப் கார் அழைக்கிறார்கள்.

2025 ஜனவரியில் பணி தொடங்கிய முத்தியாரா எல்.ஆர்.டி. (இலகு ரயில்) தடம் தீவின் தெற்கிலிருந்து விமான நிலையம், கொம்தார் வழியாக நீரிணையைக் கடந்து பினாங்கு சென்ட்ரலை அடையும்படி திட்டமிடப்பட்டுள்ளது. நீளம் சுமார் 29 கி.மீ. விமான நிலையம், பட்டர்வொர்த் என்று பிரிந்துபோன இரண்டு வாசல்களையும் பழைய நகரையும் ஒரே கோட்டில் கோக்கும் முதல் திட்டம் இது. அதன் வெற்றியை நீரிணையை எத்தனை நிமிடத்தில் கடக்கிறது என்பதை வைத்து அளப்பது தவறாகும். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்குபவர் அடுத்த பேருந்தையோ தான் போக வேண்டிய தெருவையோ வண்டி அழைக்காமல் எட்ட முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.