ஹாரிஸ், ரெஜ்

ஹாரிஸ், ரெஜ் (1920–1992): இங்கிலாந்தின் மிதிவண்டி விரைவோட்ட வீரர். லங்காஷயரில் பரி நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். பிறந்தபோது குடும்பப் பெயர் ஹார்கிரீவ்ஸ். தாயின் மறுமணத்துக்குப் பின் ஹாரிஸ் ஆனார். 1939-இல் உலகப் போட்டிக்காக மிலான் சென்ற இடத்தில் போர் மூண்டதால் ஊர் திரும்ப நேர்ந்தது. வட ஆப்பிரிக்காவில் டாங்கிப் படையில் இருந்தபோது காயமடைந்தார். உடல்தகுதி இல்லையென 1943-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். தகுதியற்றதாகச் சொல்லப்பட்ட அதே உடம்புதான் 1947-இல் பாரிசில் அமெச்சூர் உலகப் பட்டத்தை வென்றது.

விரைவோட்டப் போட்டியில் சில சுற்றுகள் ஓட்டினாலும், நேரம் கணிப்பது கடைசி 200 மீட்டருக்கு மட்டுமே. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துப் பின்னால் வருபவருக்கு வழிவிடுகிறார் என்பதால், யாரும் முதலில் போக விரும்புவதில்லை. தரையில் கால் ஊன்றாமல் வண்டியை அப்படியே நிறுத்தி, எதிராளி அசையும்வரை காத்திருப்பதும் உண்டு.

1948 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன் சாலை விபத்தில் ஹாரிசின் முதுகெலும்பு முறிந்தது. தேறி எழுந்தவர் ஒரு பந்தயத்தில் விழுந்து முழங்கையையும் உடைத்துக்கொண்டார். அணியினருடன் லண்டனில் தங்கிப் பயிற்சி செய்ய மறுத்து மான்செஸ்டரிலேயே இருந்ததால் அணியிலிருந்து நீக்கப்பட்டார். எதிர்ப்பு கிளம்பவே மீண்டும் சேர்க்கப்பட்டார். பிடிவாதம் யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தனிநபர் இறுதியில் இத்தாலியின் மாரியோ கெல்லாவிடம் தோற்றார். காயம்தான் காரணம் என்பாரும், கெல்லாவின் வேகமே காரணம் என்பாரும் உளர். ஆலன் பானிஸ்டருடன் ஓட்டிய டேண்டம் (இருவர் மிதிக்கும் வண்டி) போட்டியிலும் வெள்ளியே. ஒலிம்பிக் மிதிவண்டிப் போட்டிகள் நடந்த ஹெர்ன் ஹில் தளத்தில் அப்போது மின்விளக்கு இல்லை. டேண்டம் இறுதிப்போட்டி முடிவதற்குள் பொழுது சாய்ந்து இருள் கவிந்துவிட்டது.

பின்னர் தொழில்முறை வீரராகி 1949, 1950, 1951, 1954 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். ராலே மிதிவண்டி நிறுவன விளம்பரங்களால் இவர் முகம் நாடெங்கும் பழகியது. 1957-இல் ஓய்வு பெற்றார்.

அதன் பிறகான வணிக முயற்சிகள் அவ்வளவாகக் கைகூடவில்லை. ஆனால் மீண்டும் களமிறங்கி, 1974-இல் லெஸ்டரில், 54 வயதில், பிரிட்டனின் தேசிய விரைவோட்டப் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு இரண்டாமிடம். மான்செஸ்டர் வெலோட்ரோமில் இவருக்குச் சிலை உண்டு.