கசகசாச் செடியும் நோயாளியின் படுக்கையும்



நம் நாட்டுக் கடைகளிற் கசகசா என்று கேட்டால், சர்பத்திலும் பலூடாவிலும் ஊறவைத்து இடும் கரிய விதையையே எடுத்துத் தருவர். அது துளசி இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் விதை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கசகசாச் செடி வேறு. இடுப்பளவு உயர்ந்து, வெண்மையாகவும் ஊதாவாகவும் பூத்து, இதழ்கள் உதிர்ந்தபின் முடி சூடிய சிறு குடம் போன்ற காயைத் தாங்கி நிற்கும் செடி அது. முற்றாத அந்தக் காயை மாலையில் மெல்லக் கீறிவிட்டால், வெண்ணிறப் பால் கசிந்து, இரவிற் கெட்டியாகிக் கபில நிறம் கொள்ளும். மறுநாட் காலையில் அதனை வழித்தெடுப்பர். அதுவே அபின்.

அபினின் சரித்திரம் என்றவுடன் சீனத்துப் போர்களும், கங்கைக் கரையிலே காசிப்பூரில் ஆங்கிலேயர் நடத்திய அபின் ஆலையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்தக் கதையைப் பள்ளிப் பாடநூல்களே சொல்லிவிட்டன. அதே செடியின் பால், மரணத்தறுவாயிலுள்ள நோயாளிக்குத் தாதி ஊட்டும் கரண்டி மருந்தாக எவ்வாறு மாறிற்று என்னும் மற்றைய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அது ஜேர்மனியில் பாடர்போண் என்னும் ஊரில், ஒரு மருந்துக் கடையிலே தொடங்குகின்றது. பிரீட்ரிக் சேர்ட்டியூர்ணர் என்னும் இளைஞர் அங்கே உதவியாளராக இருந்தார். ஆண்டு ஏறக்குறைய 1804. அவருக்கு வயது இருபத்தொன்று. அக்காலத்து வைத்தியர்களுக்கு அபினைப் பற்றி ஒரு பெருங் குறை இருந்தது. ஒரு கட்டி அபின் நோயாளியை நித்திரையாக்கும். அதே நிறையுள்ள மற்றொரு கட்டி ஒன்றுமே செய்யாது. மூன்றாவது அவரைக் கொன்றும் விடும். உள்ளே தொழிற்படும் பொருள் யாது, அஃது எவ்வளவு இருக்கின்றது என்பது எவருக்கும் தெரியாது. சேர்ட்டியூர்ணர் அபின் கரைசலில் அமோனியாவைச் சேர்த்துப் படிகங்களைப் பிரித்தெடுத்தார். அவற்றை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். தாவரங்களின் வீரியமெல்லாம் அமிலத்தன்மை உடையது என்பது அறிஞர் கொள்கையாயிருந்த காலம் அது. இவரது படிகமோ காரத்தன்மை காட்டிற்று. கடையிலே எடுபிடியாக இருந்த இளைஞன் சொன்னதை யார் கேட்பார்? முதற் கட்டுரைகளை எவரும் பொருட்படுத்தவில்லை.

பின்னர் தம்மையும் வேறு மூன்று இளைஞரையும் சோதனைக்கு உட்படுத்தினார். அளவு கூடிப் போயிற்று. நால்வரும் மிகவும் துன்புற்று, வினாகிரி குடித்து வாந்தியெடுத்தே தப்பினர். 1817இல் வெளிவந்த அந்த வரலாற்றைப் பிரான்சிலே கே-லுசாக் என்னும் பேரறிஞர் கண்டு போற்றியபின்பே உலகம் திரும்பிப் பார்த்தது. கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியஸின் பெயரால் அப்பொருள் மோர்பின் எனலாயிற்று. தொடர்ந்து எட்டி இனத்து விதையிலிருந்து ஸ்ட்ரிக்னின் 1818இலும், சின்கோனாப் பட்டையிலிருந்து கொயினா 1820இலும் பிரித்தெடுக்கப்பட்டன. தாவர இரசாயனம் என்னும் துறை இவ்வாறு பிறந்தது.

மோர்பின் மூலக்கூறின் அமைப்பை ரொபேர்ட் ரொபின்சன் 1925இல் சரியாக ஊகித்தார். 1952இல் மார்ஷல் கேற்ஸ் என்னும் அமெரிக்கர் அதனைச் சோதனைச்சாலையிலே கட்டியெழுப்பினார். ஏறக்குறைய முப்பது படிகள் கடந்து கிடைத்ததோ அற்பம். ஆகவே இன்றும் செடியே தொழிற்சாலை. ஹங்கேரியில் யானோஷ் கபாய் என்பவர், காயைக் கீறாமல், விதை நீக்கிய உலர்ந்த காய்களிலிருந்தே மோர்பினைப் பிரிக்கும் முறையை 1931இல் கண்டார். அபின் என்னும் இடைப்பொருளே இல்லாமற் போனதால், களவுக்கும் இடம் குறைந்தது. பெரும் நன்மை செய்த அவரது பெயர் ஏனோ பலருக்குத் தெரியாது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கொடுக்கத் தெரியவேண்டுமே! சேர்ட்டியூர்ணருக்குப்பின் நூற்றைம்பது ஆண்டுகளாகியும், புற்றுநோயால் இறப்பவர்கள் பெரும்பாலும் வலியோடேயே இறந்தனர். வைத்தியசாலைகளில் மோர்பின் ‘தேவைப்படும்போது’ கொடுக்கப்பட்டது. அதாவது, நோயாளி முதலிலே துடிக்கவேண்டும், அழைக்கவேண்டும், காத்திருக்கவேண்டும், அதன்பின்பே ஊசி. வலியை அனுபவித்துத்தான் மருந்தைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது என்று சொன்னாலும் பிழையாகாது.

இதனை மாற்றியவர் வைத்தியராகப் புறப்பட்டவரல்லர்; ஒரு தாதி. 1918இற் பிறந்த சிசிலி சோண்டர்ஸ், ஒக்ஸ்போட்டுப் படிப்பை இடையில் நிறுத்தி, யுத்த காலத்தில் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிலே தாதிப் பயிற்சி பெற்றார். முதுகு நோவு அத்தொழிலைத் தொடர விடவில்லை. வைத்தியசாலைச் சமூக சேவையாளராகப் பணிபுரிந்தபோது, டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதியைச் சந்தித்தார். உற்றார் உறவினரின்றி இறந்துகொண்டிருந்த அவர், 1948இல் இறக்கும்போது, சோண்டர்ஸ் ஒருநாள் அமைக்கப்போகும் இல்லத்திலே தாம் ஒரு சாளரமாக இருப்பதாகச் சொல்லி, ஐந்நூறு பவுணை விட்டுச் சென்றார்.

அதன்பின் சென்ற் லூக்ஸ் என்னும் இல்லத்திலே சம்பளமின்றித் தாதியாகச் சென்ற சோண்டர்ஸ், அங்கே ஒரு வழக்கத்தைக் கண்டார். மோர்பினை வாய்வழியாக, குறித்த நேரத்திலே, நோயாளி கேட்குமுன்பே கொடுத்தனர். மோர்பினின் வேலை நான்கு மணி நேரத்திலே தளர்ந்துபோகும். ஆகவே அடுத்த வேளை மருந்து, வலி தலைதூக்குமுன் உள்ளே சென்றுவிட வேண்டும். இத்துணை எளிய உண்மை! ஆயினும் தாதியின் சொல்லை வைத்தியர் செவிமடுக்கமாட்டார் என்று அறிந்து, முப்பது வயது கடந்தபின் மருத்துவம் படித்து 1957இல் வைத்தியரானார். ஹக்னியில் ஐரிஷ் கன்னியர் நடத்திய சென்ற் ஜோசப் இல்லத்திலே ஏறக்குறைய ஆயிரம் நோயாளரின் குறிப்புகளைத் திரட்டி, ஒழுங்காகக் கொடுக்கும் மருந்து நோயாளியை மயக்கத்திலே ஆழ்த்துவதுமில்லை, ஓயாது அளவைக் கூட்டவேண்டியதுமில்லை என்று காட்டினார். 1967இல் இலண்டன் சிடன்ஹாமில் சென்ற் கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புற்றுநோய் வலி நூலும் வாய்வழியே, மணிக்கணக்கிலே, படிப்படியாக என்ற முறையைத்தான் வகுத்தது.

இங்கே சொந்த விடயமொன்றைச் சொல்ல நேயர்கள் பொறுத்தருள வேண்டும். 2003இல் என் தாயார் புற்றுநோயால் வைத்தியசாலையிலே கிடந்தபோது, மோர்பின் கொடுக்க வேண்டாம் என்று தடுத்தவன் நானே. கலைப் பட்டதாரி, ஆசிரியன். அபின் போர்களைப் பற்றி வகுப்பிலே முழங்கியவன். என் தாய்க்கு அபினா என்று கேட்டேன். மூன்று நாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் முதிய தாதி ஒருவர் என்னை வாசலுக்கு அழைத்து, “சேர், வலி வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கக் கூடாது, அது வாறதுக்கு முன்னம் நாங்கள் போகவேணும்” என்றார். சோண்டர்ஸின் பெயரை அவர் அறிந்திருந்தாரோ, யானறியேன்.

எனினும் என் அச்சம் முற்றும் ஆதாரமற்றது என்று சொல்வதும் நேர்மையன்று. கசகசாச் செடியில் மோர்பின் உண்டாகாமல், அதற்கு முந்திய தெபெயின் என்ற பொருளோடு நின்றுவிடும் ஓரினத்தை அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவிலே உருவாக்கினர். அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை 2004இல் ஆய்வாளர் விளக்கினர். தாவரவியலின் திறமைக்கு நல்ல சான்று அது. அத்தெபெயினிலிருந்து செய்யப்படும் ஒக்சிகொடோன் என்னும் மருந்தோ, 1990களின் பிற்பகுதி தொடங்கி அமெரிக்காவிலே வரைமுறையின்றி விற்கப்பட்டு, எண்ணற்றோரை அடிமையாக்கி அழித்தது. அங்கே குறைந்திருந்தது மருந்தன்று. மருந்தோடு நோயாளியருகே இருந்து அளவு பார்க்கும் கண்.

செடியின் ஆராய்ச்சி இன்னும் ஓயவில்லை. 2015இல் அமெரிக்க ஆய்வாளர் ஈஸ்ற்றுக்குள் பல உயிர்களின் மரபணுக்களைப் புகுத்தித் தெபெயினை ஆக்கினர்; ஒரு வேளை மருந்துக்கே ஆயிரக்கணக்கான கலன் கரைசல் வேண்டியிருந்தது. 2018இல் கசகசாச் செடியின் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டபோது, இம்மருந்துப் பொருள்களை ஆக்கும் பதினைந்து மரபணுக்கள் ஒரே இடத்திற் கூட்டமாக அமைந்திருப்பது தெரியவந்தது.

ஆனால் விளைந்த மருந்து எங்கே செல்கின்றது? 2017இல் லான்செற் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு கணக்கிட்டது: ஆண்டொன்றுக்கு உலகிலே பங்கிடப்படும் மோர்பின் வகை மருந்து 298.5 தொன், அதில் மிக வறிய நாடுகளுக்குக் கிடைப்பது 0.1 தொன். அபினை விளைவிக்கும் இந்தியாவிலேயே, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையால் வைத்தியசாலைகள் மோர்பினைக் கைவிட்டன. 2014இலேதான் சட்டம் திருத்தப்பட்டது. இவ்விருளிலே கேரளம் ஒரு விலக்கு. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியிலே வைத்தியர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சங்கம், ஊரவரைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. அங்கே தாதியர் வீடுவீடாகச் செல்கின்றனர்; எந்த நேரத்துக்கு எதனைக் கொடுப்பது என்று மகனுக்கும் மருமகளுக்கும் கற்பிக்கின்றனர்.

என் தாயாரை வீட்டுக்கு அழைத்துச் செல்லும்போது, அந்த முதிய தாதியும் அப்பியாசக் கொப்பித் தாளொன்றிலே எனக்கு நேரம் எழுதித் தந்தார். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. இரவு பத்துக்கு எதிரே ‘இரண்டு பங்கு’ என்று குறித்திருந்தார். பிழையோ என்று கேட்டேன். இரவு இரண்டு மணிக்கு அம்மாவும் எழும்பத் தேவையில்லை, நீங்களும் எழும்பத் தேவையில்லை என்றார்.